வனீஸுக்கு வைத்த தண்ணீர்

"திறக்க மாட்டேன்" என்றாள் தௌலத் பெரியம்மா, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கொண்டு வந்த சாம்பிராணிய உங்க உங்க வீட்டுல போடுங்க. கொசுவாவது போகும்."

வெளியே நின்ற ஆண்கள் எல்லோரும் ஊர்க் குருவான அபூனா பீமெனைப் பார்த்தார்கள். அவர் தூபக்கலசத்தின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். கறுப்பு அங்கி அவருக்கு இன்னும் தோள்களில் சரியாக உட்காரவில்லை. நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். குருவாகி எங்கள் ஊருக்கு வந்து ஒரு பெரிய நோன்புகூட முடிந்திருக்கவில்லை. இதற்கு முன்னால் அவர் வந்து நின்ற எந்தக் கதவும் மூடியிருந்ததில்லை.

"வனீஸ் அம்மா, இன்னிக்கு மூணாம் நாள். ஜெபம் பண்ணணும்" என்றார்.

"எனக்கும் எண்ணத் தெரியும்."

"அண்ணி!" என்று என் அப்பா கதவைத் தட்டினார். "ஊரே நிக்குது. மானத்த வாங்காத."

"ஊர் நிக்கட்டும், ஃபாஹிம். கால் வலிச்சா உக்காரட்டும்."

எங்கள் ஊரில் செத்தவர் உடனே போய்விடுவதில்லை. மூன்றாம் நாள் வரை வீட்டில்தான் இருப்பார் என்பது நம்பிக்கை. தன் கட்டிலுக்கும் தன் செருப்புக்கும் நடுவில், எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் குருவானவர் வந்து ஜெபித்து, மந்திரித்த தண்ணீரை அறை அறையாகத் தெளிப்பார். அதோடு அந்த உயிருக்கு வழி தெரிந்துவிடும். அழுதவர்கள் முகம் கழுவி, அடுப்பு மூட்டி, பருப்புக் கூழ் காய்ச்சிக் குடிப்பார்கள். இதை எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பெரியம்மா நம்பிய அளவுக்கு வேறு யாரும் நம்பவில்லை. அதனால்தான் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

வனீஸ் அவளுடைய ஒரே மகன். ஆற்றுக்கு அக்கரையில் வெள்ளைக்கல் வெட்டும் மலையில் வேலை பார்த்தான். கல் அறுக்கும் இயந்திரத்தின் ஒயர் ஓரிடத்தில் தோல் உரிந்து கிடந்தது. அதை மிதித்துவிட்டான். அக்கரையிலிருந்து படகில் கொண்டுவந்தபோதும் அவன் முடி, இமை, மீசை எல்லாம் வெள்ளையாக இருந்தன. பார்க்கத் திடீரென்று கிழவனாகிவிட்டவன் போல இருந்தான்.

"உங்க ஆண்டவர் எனக்கு எதையும் மிச்சம் வெக்கல" என்றாள் பெரியம்மா கதவுக்குப் பின்னால். அவள் குரலில் அழுகை இல்லை, கணக்குத் தீர்க்க வந்தவளின் குரலாக இருந்தது. "புருஷன எடுத்தாரு, நான் வாயைத் திறக்கல. இப்போ இவன். இவன் இன்னும் இந்த வீட்டுலதான் இருக்கான். இவனையும் தண்ணி தெளிச்சு வெரட்ட ஒரு மருந்துக்கடைக்காரன அனுப்பியிருக்காரா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அபூனாவின் காது சிவந்தது. சாம்பிராணி புகைந்து தீரும் வரை நின்றார்கள். பிறகு கலைந்து போனார்கள்.

*

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் மொட்டைமாடி ஒன்றுதான். நடுவில் புறாக்கூண்டும், வெயிலில் ரொட்டி மாவு உப்ப வைக்கும் பலகைகளும். அந்த வழியாக இறங்கிப் போக எனக்கு மட்டும் அனுமதி இருந்தது. சாப்பாடு கொண்டு போவேன். சாப்பிட மாட்டாள். அல்லது பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மூடி வைப்பாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வனீஸ் தினமும் சாயங்காலம் மலையிலிருந்து வந்ததும், வாசலை ஒட்டி உள்ளே இருக்கும் ஒரு பெரிய அலுமினியப் பேசினில்தான் முகமும் கைகாலும் கழுவுவான். இருமிக்கொண்டே வருவான். அந்த இருமலைக் கேட்டுத்தான் பெரியம்மா தண்ணீர் ஊற்றுவாள். அவன் செத்த பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. பொழுது சாயும்போது பேசினில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் துண்டை மடித்து வைப்பாள்.

ஒருநாள் காலை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"குனிஞ்சு பாரு, நர்தீன்."

பேசினின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தது.

"வந்து கழுவிட்டுப் போயிருக்கான்" என்றாள். அவன் செத்த பிறகு முதன்முறையாக அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "சத்தம் போடாம. என்ன எழுப்பக் கூடாதுன்னு."

கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் மலையின் தூசி ஆறு தாண்டி வந்து எங்கள் ஊரின் மேல் இறங்கும். பேரீச்சை இலையிலும் எருமை முதுகிலும் கொடியில் காயும் துணியிலும் அதே வெள்ளைதான். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானையை மூட மறந்தால் அதன் அடியிலும் அப்படித்தான் இருக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும்.

மறுநாள் காற்று இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் கொஞ்சநேரம் பேசினைப் பார்த்துவிட்டு, "நேத்து வேலைக்குப் போகல போல" என்றாள்.

வெளியே ஊர் எங்களைத் தின்றது. ரொட்டிக்கடைக்காரி என் அம்மாவுக்கு மீதியைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்தாள். பக்கத்துத் தெருவில் ஓர் எருமை செத்த கன்றைப் போட்டதற்கும், யாரோ ஒருவருடைய கிணற்றில் வாளி அறுந்து விழுந்ததற்கும் எங்கள் வீடு காரணமாயிற்று. "ஒரு ஆத்துமாவக் கட்டிப்போட்டு வெச்சிருக்கா. அது சும்மா இருக்குமா?" என்றார்கள். கோயிலில் பெண்கள் பக்கத்தில் எங்கள் வரிசை காலியாகவே கிடந்தது. மூன்றாம் நாள் ஜெபம் முடியாமல் அப்பாவால் சவரம் செய்ய முடியவில்லை. தாடி வளர வளர அவர் பேச்சிலும் முள் வளர்ந்தது. எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை நஸீஃபின் அம்மா ஆள் அனுப்பினாள்: அந்த வீட்டில் இருக்கிற ரெண்டு பேரில் ஒருத்தர் வெளியே போன பிறகு நிச்சயத்தைப் பேசிக்கொள்ளலாமாம்.

"யாரு ரெண்டு பேரு?" என்று அம்மா கேட்டாள்.

"அம்மாவும் புள்ளையும்" என்றான் வந்தவன். சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

அன்று பெரியம்மாவின் மேல் எனக்கு வந்த கோபத்தில், கொண்டுபோன ரொட்டியை அவள் முன்னால் எறிவது போல வைத்தேன்.

"உன் கல்யாணம் நின்னுபோச்சாமே" என்றாள்.

"உங்களாலதான்."

"நல்லது. கட்டிக்கிட்டா புள்ள பொறக்கும். பொறந்தா சாகும்." ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டைத் தட்டில் தனியே வைத்தாள். "பேசாம புறா வளத்துக்கோ."

*

அடுத்த வாரம் அபூனா பீமென் மறுபடி வந்தார். இந்த முறை தூபமும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. கையில் சின்னச் சிலுவை மட்டும். தெருவில் நின்று கதவைப் பார்த்துப் பேசினார். நான் மாடியில் ரொட்டிப் பலகைகளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தது மேலே வரைக்கும் தெரிந்தது.

"வனீஸ் அம்மா, நான் ஒண்ணு தெளிவா சொல்லணும். இந்த ஜெபம் ஆத்துமாவ அனுப்புறதுக்கு இல்ல. அது ஜனங்க பேசிக்கிறது. திருச்சபை அப்படிச் சொல்லல. கண்ண மூடின அந்த நேரமே ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிடுது. ஜெபம் உங்களுக்காக. உங்க ஆறுதலுக்காக. பயப்படாதீங்க, நான் யாரையும் வெளியேத்த வரல."

நல்ல மனதோடுதான் சொன்னார். பயத்தை எடுத்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நினைத்திருப்பார். கதவு திறக்கவில்லை. பிறகு பக்கத்து ஜன்னலின் பலகை ஒரு விரற்கடை விலகியது.

"அப்போ அவன் இங்க இல்லையா?"

அபூனா சிலுவையை மறு கைக்கு மாற்றினார்.

"சொல்லு. படிச்சவன்தானே. இல்லையா?"

"ஆண்டவர்கிட்ட..."

"அன்னிக்கு உன் ஆண்டவர் எங்க இருந்தாரு? மலையில இருந்தாரா? இருந்தா ஏன் அந்த ஒயர ஒரு சாண் தள்ளிப் போடல? கை இல்லையா அவருக்கு? இல்லன்னா, மலையில இல்லாதவருகிட்ட என் புள்ள எப்படிப் போய்ச் சேந்தான்? யாரு வழி காட்டினா?"

தெருவில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அபூனா மெதுவாக, "எனக்குத் தெரியல" என்றார்.

"தெரியாதா! தெரியாமதான் என் வீட்டுல இருக்கிறவன இல்லன்னு சொன்னியா? அங்க போ. அந்த மலைக்குப் போ. ஒரு நாள் பூரா நில்லு. இருக்காரான்னு பாரு. பாத்துட்டு வந்து பேசு. பாக்காம என் வாசப்படிய மிதிச்சே, அந்தத் தாடியப் புடுங்கி அடுப்புல போடுவேன்."

ஜன்னல் பலகை அறைந்து மூடிக்கொண்டது. கூட்டத்தில் ஒருவன், "அபூனா, நாலு பேரு சேந்து கதவ ஒடைச்சிடலாம்" என்றான். என் அப்பாவும் தலையாட்டினார். அபூனா இருவரையும் பார்க்கவில்லை. கொடுக்கக்கூடாத மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர் போல நடந்து போனார்.

அன்று சாயங்காலம் நான் இறங்கிப் போனபோது பெரியம்மா பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஆனால் துண்டு அவள் மடியில் இருந்தது.

"அவன் பொய்தானே சொல்றான், நர்தீன்?"

"யாரு?"

"அந்த மருந்துக்கடைக்காரன்."

நான் அவள் மடியிலிருந்து துண்டை எடுத்து மடித்து, பேசினுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

*

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது தெருவில் இருமல் கேட்டது.

அது மலை ஆட்களின் இருமல். ஊரில் வேறு யாரும் அப்படி இருமுவதில்லை. நெஞ்சின் அடியிலிருந்து வறண்டு, பிராண்டிக்கொண்டு வரும். இருமல் எங்கள் வாசலுக்கு நேரே வந்து நின்றது.

பெரியம்மாவின் கையிலிருந்து குவளை விழுந்தது. நான் பிடிப்பதற்குள் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்து, இத்தனை நாள் ஊருக்கே திறக்காத கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"வனீஸ்!"

வாசலில் ஒரு வெள்ளை மனிதன் நின்றான். தலை, இமை, தாடி, அங்கி, கையிலிருந்த செருப்பு, எல்லாம் மாவு மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தது போல. கண்கள் மட்டும் சிவப்பாக இரண்டு ஓட்டைகள். அங்கியின் மடிப்பில் கறுப்புக் கோடு தெரிந்த பிறகுதான் எனக்கு அவர் யாரென்று புரிந்தது.

பெரியம்மாவுக்கு எனக்கு முன்பே புரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"என் புள்ள மாதிரி வேஷம் கட்டிட்டு வந்தியா?" என்றாள். "என்னைக் கேலி பண்றியா?"

"நீங்கதான் போகச் சொன்னீங்க" என்றார் அபூனா. இருமினார். "கழுவிட்டு வரணும்னு தோணல. படகுலேருந்து நேரா வந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"நாள் பூராவா?"

"விடியக்காலைலேருந்து."

அவள் கதவை மூடவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்தபடி, எதிராளியின் பலத்தை அளப்பது போல அவரைப் பார்த்தாள்.

"இருந்தாரா?"

அபூனா கண்ணிலிருந்த தூசியைத் துடைத்தார்.

"தெரியல, வனீஸ் அம்மா. அந்தச் சத்தத்துல நான் சொன்ன ஜெபம் எனக்கே கேக்கல. வாயைத் திறந்தா வாய் நிறைய தூசி. வனீஸ் விழுந்த இடத்தக் காட்டினாங்க. போய் நின்னேன். ஒண்ணும் தோணல. பயமாத்தான் இருந்துச்சு. அந்த ஒயர் இன்னும் அங்கதான் கெடக்குது. மேல ஒரு சாக்கப் போட்டிருக்காங்க. மத்தியானமே ஓடிடலாம்னு பாத்தேன். படகு இல்ல."

"அப்புறம்?"

"சும்மா நிக்காதீங்க அபூனா, வண்டிக்குக் கல்லாவது ஏத்துங்கன்னு ஒருத்தன் சொன்னான்."

"நீ கல்லு தூக்கினியா?" பெரியம்மாவின் தொண்டையிலிருந்து சிரிப்பு போல ஒன்று வந்தது. அதில் இரக்கம் இல்லை. "மாத்திரை எண்ணின கையி."

"கொஞ்சம் தூக்கினேன். அப்புறம் ஒண்ணு கால்ல விழுந்திடுச்சு."

அப்போதுதான் கீழே பார்த்தோம். அவர் ஒரு காலை ஊன்றாமல் நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரல் பக்கம் வெள்ளைத் தூசி நனைந்து, சிவந்து, சேறாகியிருந்தது.

பெரியம்மா கொஞ்சநேரம் அந்தக் காலையே பார்த்தாள். பிறகு, "உள்ள வந்து தொலை" என்றாள். "வாசல்ல ரத்தம் சொட்டாத. ஏற்கெனவே ஊர் ஆயிரம் பேசுது."

அவரை முக்காலியில் உட்கார வைத்தாள். பேசினை இழுத்தாள். அது வனீஸுக்கு ஊற்றிய தண்ணீர் என்பதை அவள் மறந்திருக்க மாட்டாள். ஒரு கணம் விளிம்பில் கையை வைத்தபடி நின்றாள். அபூனா அவசரமாக, "நானே கழுவிக்கிறேன்" என்றார். "பேசாம இரு" என்று அவர் காலைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினாள்.

வேகமாக, கோபத்தோடுதான் தேய்த்தாள், அழுக்குப் பாத்திரத்தைத் தேய்ப்பது போல. அபூனா வலியில் பல்லைக் கடித்தார். கால், கணுக்கால், முழங்கால் வரை. பிறகு அவர் கைகளை இழுத்து முழங்கை வரை. தண்ணீர் கலங்கியது, வெளுத்தது, பால் போல ஆயிற்று. இன்னும் தூசி இறங்கிக்கொண்டே இருந்தது. விரலிடுக்கிலிருந்து, நகத்துக்கு அடியிலிருந்து. கடைசியில் பேசினுக்குள் அவள் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பெரியம்மாவின் கை நின்றது.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு கையால் அவர் காலைப் பிடித்தபடி, மறு கை விரல்களால் அடியைத் தடவினாள். ஒரு கைப்பிடி வெள்ளைச் சேற்றை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, அழுத்திப் பார்த்தாள்.

"ஒரு ஆளு கழுவினா இவ்வளவு வருது" என்றாள்.

முன்பு காலைகளில் பேசினின் அடியில் கிடந்த அந்த மெல்லிய படலம் எங்கள் மூவருக்கும் நடுவில் இருந்தது. அபூனாவுக்கு அதைப் பற்றித் தெரியாது. ஆனாலும் அவருக்கு ஏதோ புரிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் கழுவினா எப்பவும் இவ்வளவு இருக்கும்" என்றாள் மறுபடி. "ரெண்டு தடவ தண்ணி மாத்துவேன். எனக்கு எப்படி மறந்துபோச்சு?" என் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியும்தானே? அது காத்துதான்னு?"

நான் தலை குனிந்தேன்.

"என் கையால தின்ன ரொட்டிக்காவது சொல்லியிருக்கலாம்டி."

பிறகு அவள் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. கையை மூடி அபூனாவின் நெஞ்சில் குத்தினாள். அங்கியிலிருந்து வெள்ளையாய்த் தூசி எழும்பியது. மறுபடி குத்தினாள். அவர் தடுக்கவில்லை. குத்தக் குத்தத் தூசி கிளம்பியது, மூன்று பேருமே இருமினோம். "அப்போ எங்க போனான்? எங்க? சொல்லு!" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லில் அவள் குரல் உடைந்தது. வனீஸ் செத்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அழுதாள். வாயைப் பொத்தாமல், முகத்தை மறைக்காமல், அவர் முழங்காலில் நெற்றியை இடித்துக்கொண்டு.

அபூனா ஈரக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார். பிறகு அவள் தலைத்துணியின் மேல் வைத்தார்.

"என்னால காட்ட முடியாது" என்றார். "அவர்கிட்ட இருக்கான்னு நம்புறேன். மலையில நிக்கும்போது அதுவும் போயிடுச்சு. நிஜமாத்தான் சொல்றேன். வெறும் கையோடதான் வந்தேன்."

"இப்போ?"

"இப்போ நம்புறேன்."

"ஏன்? இப்போ மட்டும் என்ன ஆச்சு?"

அவர் பேசினைப் பார்த்தார். அவருடைய காயம்பட்ட கால் இன்னும் அவளுடைய கைக்குள் இருந்தது. அடித்தபோதுகூட அவள் அதை விட்டிருக்கவில்லை.

"நீங்க கழுவுறீங்க, வனீஸ் அம்மா" என்றார்.

பெரியம்மா தன் கையையே பார்த்தாள். மூக்கைத் தலைத்துணியின் நுனியில் துடைத்தாள். துண்டை எடுத்து அந்தக் காலைத் துடைத்து, ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். அது வனீஸின் துண்டு.

"சரி, பண்ணு உன் ஜெபத்த" என்றாள் கடைசியில். "ஆனா அனுப்பாத. அவன் எங்க இருக்கானோ, அங்க அவனப் பாத்துக்கச் சொல்லு. இருமுவான்னு சொல்லு. எங்க கூட்டிட்டுப் போனாலும் மொதல்ல தண்ணி கொடுக்கச் சொல்லு. நான் அவர்கூடப் பேசப் போறதில்ல. நீ சொல்லு, நான் கேட்டுட்டு இருக்கேன்."

தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். திறந்த கதவைப் பார்த்து யாருக்கும் உள்ளே வரத் தைரியம் வரவில்லை. என் அப்பா மட்டும் படியில் ஒரு காலை வைத்து, தாடியோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் தெளிப்பதற்கு நல்ல தண்ணீர் கொண்டுவரக் குடத்தை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றாள் பெரியம்மா. "இதுவே போதும்."

"அது அழுக்குத் தண்ணி, பெரியம்மா."

"தெரியும்."

அபூனா ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து, நொண்டியபடி, அந்தப் பேசினின் மேல் சிலுவை வரைந்தார். மந்திரித்த தண்ணீரைக் கையில் அள்ளி அறை அறையாகத் தெளித்தார். வனீஸின் கட்டிலில், அவன் செருப்பில், மூடி வைத்த பாதி ரொட்டியின் மேல். காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக நின்றது. என் கறுப்பு உடையில் விழுந்ததை எத்தனை முறை துவைத்தும் முழுதாக எடுக்க முடியவில்லை.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று அபூனா சொல்ல, நானும் என் அப்பாவும் திருப்பிச் சொன்னோம். தெருவிலிருந்து சிலர் சொன்னார்கள். பெரியம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, பேசினுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். அந்த வரி பல முறை வந்தபோதும் அப்படியே நின்றாள். ஜெபம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் குரல்களுக்கு நடுவே ஒரு கரகரப்பான குரல் கேட்டது.

"ஆண்டவரே, இரக்கமாயிரும்."

கடன்காரனை வாசலில் பிடித்துக் கேட்பவள் போல, மேலே அண்ணாந்து, திட்டுவது போலத்தான் சொன்னாள்.